அதற்குரிய ரவை

எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மிருகம்?" என்பதுதான்.

லண்டனின் தெற்கே சட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒருமுறை எலித் தொல்லை. நான் கோபத்தோடு கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய பொறியாகப் பார்த்து வாங்கி வந்தேன். பூனை அகப்பட்டாலும் தப்பாது, அவ்வளவு பெரிது. அன்று பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்க வந்திருந்த அவர் அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மிருகம், தம்பி?"

"எலி, அக்கா."

"பேரெலியோ, சுண்டெலியோ?"

"சின்னன்தான்."

"அப்ப அது இதில ஏறி நிண்டு சாப்பிட்டிட்டுப் போகும். பொறி அசையாது. உமக்கு எலி சாகோணுமோ, பொறி பெரிசா இருக்கோணுமோ?"

என் மனைவி அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. வேண்டுமென்றே அதே பொறியை வைத்தேன். காலையில் பார்த்தால் எலி சீஸைத் தின்றுவிட்டு, பலகையையும் நக்கித் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டாள்.

அவர் ஒரு டொக்டர். தென்லண்டன் மருத்துவமனை ஒன்றில், ஒப்பரேசனுக்கு முன் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுக்கிறவர். மன்னார்க் கத்தோலிக்கர், ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் எங்கள் சனத்தில் ஒருவருக்கும் வரவில்லை. இதெல்லாம் எங்கும் காணக்கூடியதுதான். எங்கும் காணமுடியாத ஒன்று அவரிடம் இருந்தது. அவர் மான் வேட்டைக்குப் போவார். பொலிஸ் அனுமதியோடு வாங்கிய துவக்கு, சுவரோடு சேர்த்துப் பூட்டிய இரும்பு அலுமாரி, வாசலில் சேறு காய்ந்த பூட்ஸ், எல்லாம் இருந்தன. பெயரை நான் எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் கதைப்பது அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. இப்போது அவர் இல்லை என்பதற்காக அந்தக் குணம் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் அவரை முதன்முதல் கண்டபோது ஒரு வெள்ளைக்காரரின் இறைச்சிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரில் இருந்து யாராவது கேட்டால் 'உணவுத் துறை' என்று சொல்லும்படி மனைவிக்குக் கட்டளை. ஒரு சனிக்கிழமை கடைக்குள் வந்த அவர், மான் வெட்டித்தர ஆள் இருக்கிறதா என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார்.

"நீர் யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"மான் வெட்டுவீரோ?"

"மான் வெட்டினதில்லை. ஆடு மாடு வெட்டுவன்."

"அப்ப வெட்டுவீர். நாளைக்குப் பூசை முடிய வாரும்."

அவர் வீட்டுக் கார்க் கொட்டிலில் மான் தொங்கியது. லண்டனை ஒட்டிய சரேப் பக்கத்துப் பண்ணைகளில் மான் பெருகிப் பயிரை அழித்துவிடும். பண்ணைக்காரரே கூப்பிட்டுச் சுடச் சொல்வார்கள். நான் தொடையில் கத்தியை வைக்கப் போனபோது தடுத்து, முதலில் நெஞ்சைத் திறக்கச் சொன்னார். உள்ளே விரலை விட்டு ஓட்டையின் பாதையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அந்த மானின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, "விழ முதலே முடிஞ்சுது. நல்லது பிள்ளை," என்றார். பிள்ளை என்றது மானை.

உண்மையைச் சொன்னால், அந்த வீட்டுக்குப் போக எங்களுக்கு முதலில் பயம். துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்த சனம் நாங்கள். இங்கே வந்து ஒரு தமிழ்ப் பொம்பிளையின் வீட்டில் துவக்கைப் பார்ப்பது என்றால்? மனைவி அந்த இரும்பு அலுமாரி இருந்த அறைப் பக்கமே போகமாட்டாள். சனமும் சும்மா இருக்கவில்லை. ஊரில் எந்த இயக்கத்துக்கு அனுப்பத் துவக்குச் சேர்க்கிறாவோ என்று ஒருவர் ரெய்னர்ஸ் லேனில் இருந்து போன் எடுத்து என்னிடம் விசாரித்தார். மான் குழம்பு வைக்கச் சேர்க்கிறா என்று சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. குழம்பு கொடுத்தனுப்பினேன், நம்பினார்.

அவருக்கு எங்கள் பயம் தெரியும். ஒருநாள் என்னை உட்காரவைத்து, மேசையில் இரண்டு ரவைகளை நிறுத்திக் காட்டினார். ரவை என்பது வெடிமருந்தும் கோதும் சேர்ந்த முழுத் தோட்டா. அதன் முனையில் இருந்து பறந்து போவது சன்னம். ஒன்றின் சன்னம் முழுக்கச் செம்பு உறை மூடியது. மற்றதில் நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரிந்தது.

"இது பட்டாளத்தான்ர. ஊசி மாதிரி உள்ள போய் மற்றப் பக்கத்தால போயிடும். இது மானுக்கு. உள்ள போனதும் காளான் மாதிரி விரியும். மானைச் சுடுறதெண்டா இந்த நாட்டுச் சட்டப்படி விரியிறதுதான் போடோணும்."

"பட்டாளத்தான்ர பரவாயில்லை எண்டு சொல்லுறீங்களோ?" எனக்கு உடனே கோபம் வந்துவிட்டது. அந்த ஊசி போன பாதைகளை நான் கண்ணால் பார்த்தவன்.

"அப்பிடிச் சொல்லேல்லை. யுத்தத்தில விரியிற சன்னம் கூடாதெண்டு வைச்சிருக்கினம். ஏனெண்டா காயப்பட்டவனை ஆராவது தூக்கிக்கொண்டு போவினம் எண்டு ஒரு நம்பிக்கை. மானை ஆர் தூக்கிறது? அது ஒருநாளும் ஆசுப்பத்திரிக்குப் போகாது, தம்பி. அதுக்கு உடன முடியோணும்."

அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அலுமாரி இருந்த அறையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தேன்.

அவருக்கு ரவை தெரிவது என்பது ஒரு சமையல்காரிக்கு உப்புத் தெரிவது போல. என்ன மிருகம், என்ன நிறை, எவ்வளவு தூரம், அதுக்குப் பின்னால என்ன நிக்குது? இந்த நாலையும் கேட்காமல் ரவைப் பெட்டியைத் தொடமாட்டார். சின்ன மானுக்குப் பாரம் குறைந்த சன்னம். பாரம் கூடியதைப் போட்டால் விரிய முதலே வெளியே போய்விடலாம். பெரிய கலைமானுக்குப் பாரமானது, இறுக்கமானது. மெல்லியதைப் போட்டால் தோள் எலும்பிலேயே உடைந்து சிதறி, மிருகம் ஓடிப் போய் எங்காவது பற்றைக்குள் கிடந்து துடிக்கும். துடிக்கும் என்று சொல்லும்போது அவருடைய முகம் ஒரு பக்கமாகச் சுளிக்கும். அப்படி ஒன்றை எப்போதோ பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் சொன்னதில்லை.

மாதாவை வேண்டிக்கொண்டு சுடுவீர்களா என்று என் மனைவி கேட்டதற்கு, "மாதாவைப் பிறகு கூப்பிடலாம். முதல்ல பெட்டியை வாசிக்கோணும்," என்றார்.

பெட்டியை வாசிக்காத ஒருவரும் அவருடைய வாழ்க்கையில் இருந்தார். அதே மருத்துவமனையில், அதே மயக்க மருந்துப் பகுதியில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார டொக்டர். நெட்டையான, சிரிக்காத மனிதர். அக்காவைப் பார்த்து அவருக்கும் வேட்டை ஆசை பிடித்துவிட்டது. ஆபிரிக்காவில் காட்டெருமைக்கு எடுப்பது போன்ற பெரிய துவக்கு ஒன்றை எப்படியோ வாங்கிக்கொண்டு சரே மானுக்கு வந்தார். முதல் வெடியிலேயே துவக்கு உதைத்து, குறிபார்க்கும் கண்ணாடி நெற்றியில் இடித்து, புருவத்துக்கு மேல் பிறை போல ஒரு வெட்டு. அன்று மான் தப்பியது. அடுத்த முறை பட்டது. அந்த மானை வெட்டச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தார்கள். வெட்ட என்ன இருந்தது? முன்பக்கம் முழுவதும் இரத்தம் கட்டிய களி. நான் வாளியில் அள்ளினேன்.

அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆனை சுட வந்தவர்," என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு ஆனை டொக்டர் என்று பெயர். அவரைப் பற்றி ஏதாவது ஒரு மடத்தனம் கேட்டுச் சிரிக்காமல் எங்களுக்கு ஞாயிறு கழியாது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு மானுக்கு ரவை பார்க்கத் தெரியாதவன் மனிசருக்கு எப்படி மருந்து பார்க்கிறான் என்று நான்தான் கேட்டேன். அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு இலையுதிர்காலத்தில் எங்கள் இரண்டு பேரையும் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குப் போனார். அங்கே இருப்பது பெரிய செம்மான். எங்கள் வன்னிக் காட்டு மரையளவு வரும். அதனால் அவர் அதை மரை என்றே சொல்வார். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மரைக்கென்று வைத்திருந்த பாரமான ரவைகள் சட்டனில் அவர் வீட்டு அலுமாரியில் இருந்தன. கொண்டு வந்தது சரேச் சின்ன மானுக்குரியது. ஒரே துவக்குக்குப் போடுவது, பெட்டியும் ஒரே நிறம். புறப்படும்போது வழிக்குப் புட்டா இடியப்பமா என்று என் மனைவியோடு வாதாடிக்கொண்டே எடுத்து வைத்திருக்கிறார்.

"பெட்டியை வாசியாமல் வைச்சது நான்தான்," என்றார். சாக்குச் சொல்லவில்லை.

கூட வந்த வழிகாட்டி ஒரு தாடிக்காரன். அந்த மலையிலேயே பிறந்தவன். இந்தச் சன்னமும் சட்டப்படி சரிதான், கிட்டக் கொண்டுபோய் விடுகிறேன், தாராளமாகச் சுடலாம் என்று சொன்னான். அவர் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறினார். நாங்கள் பின்னால். மழைத் தூறல், முழங்கால் வரை ஈரப் புல். மனைவி அடிக்கடி நின்று மூச்சு வாங்கினாள். மலை ஏறிப் பழக்கமில்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

சரிவின் மேல் மரை நின்றது. கொம்பை வானத்தில் விரித்து, எங்களுக்குப் பக்கவாட்டாக, படம் பிடிக்க நிற்பது போல. அவர் புல்லில் குப்புறப் படுத்து, துவக்கைத் தோளில் வைத்து, கண்ணாடிக்குள் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடி வரவில்லை. அவர் ரவையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். தாடிக்காரன் பக்கம் திரும்பி, "உன்னிடம்தான் இதற்குரியது இருக்கிறது. நீ சுடு," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவன் ஒருகணம் விழித்துவிட்டு, தன் துவக்கை எடுத்தான். மரை நின்ற இடத்திலேயே விழுந்தது.

இறங்கி வரும்போது மனைவி விடவில்லை.

"சுட்டது தாடிக்காரன். வெட்டப் போறது இவர். இவ்வளவு தூரம் கார் ஓடி வந்து நீங்கள் என்ன செய்தனீங்கள், அக்கா?"

"பாத்தனான்," என்றார் அவர்.

அதைச் சொல்லிச் சொல்லிச் சட்டன் வரைக்கும் சிரித்தாள். அவர் கோபிக்கவேயில்லை. சந்தோசமாகத்தான் இருந்தார்.

அடுத்த வருடம் மனைவிக்கு வயிற்றில் பிள்ளை. மாதம் ஏற ஏற மூச்சுத் திணறல் கூடியது. பரிசோதித்துப் பார்த்ததில், சின்ன வயதில் ஊரில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருப்பது தெரிந்தது. மலையில் அவள் மூச்சு வாங்கியதும் அதனால்தான். தானாகப் பெறவிட்டால் இதயம் தாங்காது, வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். மயக்கம் கொடுப்பதுதான் இதில் பெரிய கண்டம். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

அவளுடைய சின்னம்மா ஒருவர் ஊரில் ஒப்பரேசனுக்குப் போய், மயக்கத்தில் இருந்து எழும்பவேயில்லை. அதனால் அவள் ஒரே பிடியாக நின்றாள். "அக்கா மயக்கம் தந்தாத்தான் படுப்பன். வேற ஆர் வந்தாலும் மாட்டன்." அக்காவோ, "பாப்பம்," என்று மட்டும் சொல்லியிருந்தார். நாங்கள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டோம்.

லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு நேர்த்தி வைக்கப் போனபோது அவரும் கூட வந்தார். வாசலில் நின்றுகொண்டார். "மான் சுடுறவள் உள்ள வந்தா உங்கட முருகன் கோவிப்பார்," என்றார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர் வேடர் வீட்டு மருமகன், அக்கா. இதெல்லாம் மாமன் வீட்டில பாத்திருப்பார். வாங்கோ." உள்ளே வந்து, எங்களைவிட நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, உனக்கு நான் மயக்கம் தரேல்லை. மற்ற டொக்டர் தருவார்."

"எந்த டொக்டர்?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவர்தான்."

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். "அந்த ஆனை டொக்டரோ? ஒரு மானுக்கு ரவை பாக்கத் தெரியாத விசரனிட்டையோ என்ர மனிசியைக் குடுக்கச் சொல்லுறீங்கள்? நீங்கள்தானே சிரிச்சனீங்கள்!"

"இரும், தம்பி."

"இருக்கமாட்டன்."

"நிண்டுகொண்டு கேளும். துவக்கில அந்தாள் மடையன்தான். ஆனா பழுதான இதயத்தோட பிள்ளை பெற வாற பெண்டுகளை நித்திரையாக்கி எழுப்பிறது அந்தாள் நெடுகச் செய்யிற வேலை. நான் எலும்பு முறிஞ்சவைக்கும் குடலிறக்கத்துக்கும் குடுக்கிறவள். செய்வன் எண்டா செய்யலாம். சட்டப்படி சரிதான்." மனைவி பக்கம் கையைக் காட்டினார். "அதோட, இவளின்ர முகத்தைப் பாத்தா நான் டொக்டரா நிக்கமாட்டன், அக்காவாத்தான் நிப்பன். இதுக்குரிய ஆள் நான் இல்லை. என்ன மிருகம் எண்டு பாத்துத்தான் சொல்லுறன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அவளையும் பிள்ளையையும் எப்படிக் காப்பாற்றுவது? அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மிருகமோ, அக்கா?" என்றாள் கடைசியில்.

அக்காவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அண்டைக்கு அந்த மரையை இவ சுட்டிருக்கலாம். தாடிக்காரனும் சரியெண்டுதானே சொன்னவன். அவனிட்டையே விட்டுக் குடுத்திட்டாவே." பிறகு அவரிடம், "பக்கத்தில நிப்பீங்களோ?"

"நிப்பன்."

"சரி. அந்த ஆனைக்காரனே வரட்டும்."

ஆனை டொக்டர் ஒப்பரேசனுக்கு முந்தின நாள் கட்டிலருகே வந்தார். புருவத்துக்கு மேல் அந்தப் பிறைத் தழும்பு அப்படியே இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அவளிடம் கேட்டார். என்ன நிறை? எத்தனை படி ஏறினால் மூச்சு முட்டுகிறது? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய்? எந்தப் பக்கம் சரிந்தால் சுகமாக இருக்கிறது? ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. பதில் வரும்வரை காத்திருந்து, அதிலிருந்து அடுத்ததைக் கேட்டார். நெஞ்சில் குழாயை வைத்து, வெளியே நடப்பது எல்லாவற்றையும் மறந்துவிட்டவர் போல நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பகல் முழுக்க நடைக்கூடத்தில் இருந்தேன். முருகனைக் கூப்பிட்டேன். அவர் போதாது போலத் தோன்றியபோது மடு மாதாவையும் கூப்பிட்டேன். கடைசியில் ஒரு தாதி துணியில் சுற்றிய பெண் குழந்தையைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். தாய் எங்கே என்று கேட்பதற்குப் பதில் குழந்தையின் துணியை இழுத்து மூடினேன். தாதி தானாகவே, தாய் எழும்பிவிட்டாள், கதைக்கிறாள் என்றாள்.

பிறகு வால்வுக்கும் ஒப்பரேசன் செய்தார்கள். மனைவி இன்று வரை இருக்கிறாள், என் சமையலில் பிழை பிடிக்கிறாள். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா நோயில் விழுந்தபோது, தனக்கு எந்த மருந்து, எந்தளவு, எப்போது நிறுத்தவேண்டும் என்று அவரே டொக்டர்களிடம் கேட்டுத் தீர்மானித்தார். அவருக்கு நான் எத்தனையோ மான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் எனக்குத் தந்தது என் முழுக் குடும்பம். ஆனை டொக்டருக்கும் நன்றி சொல்லவேண்டும். ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் அவருக்கு ஆட்டுத் தொடை கொண்டுபோய்க் கொடுத்தேன், மான் கொடுக்கவில்லை.

மகள் பிறந்த அன்று என்னை உள்ளே விட்டபோது மனைவியின் முகம் வெளிறிக் கிடந்தது, உதடு காய்ந்திருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் ஆனை டொக்டர் நாடியைப் பிடித்தபடி நின்றார். தலைமாட்டில், தொப்பியும் முகமூடியும் கழற்றாமல் அக்கா. காலையில் இருந்து அதே இடத்தில் நின்றிருக்கிறார். மனைவி கண்ணை மெதுவாகத் திறந்து, இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, காற்றுப் போன குரலில், அக்காவைக் கேட்டாள்.

"மயக்கம் தந்தது ஆனைக்காரன். வெட்டினது வேற டொக்டர். நீங்கள் என்ன செய்தனீங்கள், அக்கா?"

அவர் குனிந்து, அவளுடைய கழுத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"பாத்தனான், பிள்ளை," என்றார்.